மெல்லினக் குரலின் நெடும்பயணம்

தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதுவோர் ஏ.எம். ராஜாவுக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. ஒருபுறம் தியாகராஜ பாகவதரின் காலம், மறுபுறம் டி.எம். சௌந்தரராஜனின் காலம். இரண்டுக்கும் நடுவே சில ஆண்டுகள் ஒலித்து ஓய்ந்த இனிய குரல் என்பதாக அவரைச் சொல்லிக் கடந்துபோகிறோம். அவரது பாடல்கள் ஓயவில்லை. இன்றும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பேருந்தில், நள்ளிரவு கடந்த ஒரு தேநீர்க் கடையில் அவை ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. பாட்டு நிலைத்திருக்கிறது, பாடியவரின் வாழ்க்கை மட்டும் நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது. அந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதில் இசை ரசனையைத் தாண்டிய பயன் ஒன்று உண்டு. ஒரு கலைஞனை வானொலி எப்படிக் கண்டெடுத்தது, திரைப்படம் எப்படி உயர்த்தியது, பிறகு மேடை எப்படித் தாங்கியது, இறுதியில் அவன் உழைப்புக்குச் சமூகம் என்ன கைம்மாறு செய்தது என்ற கேள்விகள் அனைத்தும் அந்த ஒரு வாழ்க்கைக்குள் அடங்கியிருக்கின்றன.

நான் அம்பத்தூரில் வசிப்பவன். சென்னையின் மேற்குப் புறநகரில் இருந்து ராஜாவைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப் பாதை அரக்கோணத்தைத் தாண்டி ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான் நகருக்குள் நுழைகிறது. அவர் பட்டம் பெற்ற பச்சையப்பன் கல்லூரி, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரத்தில் சேத்துப்பட்டில் நிற்கிறது. அவர் குரலை முதலில் ஊருக்குச் சொன்ன வானொலியின் அலைபரப்புக் கோபுரங்கள் பின்னாளில் ஆவடியில் எழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பாடல்களை விடாமல் கேட்டும் பாடியும் வைத்திருந்தவர்கள் இப்பகுதியின் தொழிற்சாலை ஊழியர்கள்.

1929ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சித்தூர் மாவட்டம் ராமாபுரத்தில் பிறந்தவர் ராஜா. ஏமலா மன்மதராஜு ராஜா என்பது முழுப்பெயர். பிறந்த மூன்றாம் மாதத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பம் ரேணுகாபுரத்துக்குக் குடிபெயர்ந்தது. தாய்மொழி தெலுங்கு. படிப்பு அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. 1951இல் பச்சையப்பன் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். கல்லூரியில் நடந்த பாட்டுப் போட்டிகளில் அவர் குரல் தனித்துத் தெரிந்தது. அக்காலத்தில் திரையில் பாட வந்தவர்களில் பலர் நாடகக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். சிறுவயதிலேயே பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்து பாடமும் பாட்டும் அடியும் உதையுமாக வளர்ந்தவர்கள். ராஜாவோ கல்லூரி வாசலிலிருந்து நேராக ஒலிவாங்கியின் முன் வந்து நின்றவர். இந்த வேறுபாடு சிறியதன்று. பின்னர் அவர் பெற்ற பெருமைக்கும் அவர் சந்தித்த சிக்கலுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

மாணவராக இருந்தபோதே எச்.எம்.வி. நிறுவனத்துக்காக இரண்டு தெலுங்குப் பாடல்களைத் தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். அவற்றுக்கு வாத்திய அமைப்பைச் செய்தவர் கே.வி. மகாதேவன். அந்த இசைத்தட்டு சென்னை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அதைக் கேட்டவர்களுள் ஒருவர் ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசன். அப்போது அவர் ‘சம்சாரம்’ படத்தைத் தமிழில் எடுத்துக்கொண்டிருந்தார். வீணை வித்துவான் ஈமனி சங்கர சாஸ்திரியின் இசையில் அப்படத்தின் தலைப்புப் பாடலைப் பாடும் வாய்ப்பு இளைஞர் ராஜாவைத் தேடிவந்தது. படம் 1951இல் வெளிவந்தது. பட்டம் பெற்ற ஆண்டும் பாடகராக அறியப்பட்ட ஆண்டும் அவருக்கு ஒன்றே.

வானொலி அவருக்குச் செய்த உதவி அறிமுகத்தோடு நின்றுவிடவில்லை. அவர் பாடிய முறையே வானொலியும் ஒலிவாங்கியும் சேர்ந்து உருவாக்கிய முறை. கிட்டப்பாவும் பாகவதரும் பாடக் கற்றுக்கொண்ட காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு எட்ட வேண்டும். எனவே குரல் உச்சத்தில் நிற்க வேண்டும்; மூச்சு நீள வேண்டும். ஒலிவாங்கி வந்ததும் அந்தத் தேவை மறைந்தது. காதோரத்தில் பேசுவதுபோல் பாடினாலும் ஆயிரம் வீடுகளில் கேட்கும் என்ற நிலை ஏற்பட்டது. அமெரிக்காவில் பித்தளைக் கருவிகளும் சாக்ஸபோன்களும் நிறைந்த பெரிய வாத்தியக் குழுக்களின் நடுவே நின்று, குரலை உயர்த்தாமல் பாடிப் புகழ்பெற்றார் பிங் கிராஸ்பி. வடக்கே லக்னோ வானொலியில் பாடத் தொடங்கிய தலத் மஹ்மூத், மென்மையான நடுக்கத்தையே தம் முத்திரையாக்கிக்கொண்டார். தமிழில் அந்த மாற்றத்தை முழுமையாக நிகழ்த்திக் காட்டியவர் ராஜா.

தமிழ் இலக்கணத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளைப் பிரிப்போம். ராஜாவின் குரல் முழுக்க மெல்லினத்தால் ஆனது. சொல்லை அழுத்தமாட்டார், ஆனால் ஒரு சொல்லும் தெளிவிழக்காது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழின் ழகரத்தையும் ணகரத்தையும் அவ்வளவு கவனமாக ஒலித்தார். பாட்டின் முடிவில் சொல் தேய்ந்து மறையும் இடத்தில் அவர் விடும் மெல்லிய அசைவு, கேட்பவரை அடுத்த வரிக்காகக் காத்திருக்க வைக்கும். கமகங்களை அள்ளிக் கொட்டாமல், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஒரு கீற்றைத் தொட்டுச் செல்வார். அதனாலேயே அவர் பாட்டை நாமும் பாடிவிடலாம் என்று தோன்றும். பாட முயன்றவர்களுக்குத்தான் அது எத்துணை கடினம் என்பது தெரியும்.

1950களின் நடுப்பகுதி அவருடையது. ராஜ்கபூரின் ‘ஆஹ்’ இந்திப் படம் 1953இல் ‘அவன்’ என்ற பெயரில் தமிழ் பேசியபோது, நாயகனுக்காகப் பாடியவர் ராஜா. நாயகிக்காகப் பாடியவர் ஜிக்கி. 1955 பொங்கலுக்கு ‘மிஸ்ஸியம்மா’ வந்தது. ராஜேஸ்வர ராவின் இசையில் நிலவை அழைத்து அவர் பாடிய பாட்டு அந்த ஆண்டு முழுதும் நாட்டை ஆண்டது. அதே ஜனவரி மாதத்தில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. வயல்வெளியும் ஏரியுமாக இருந்த எங்கள் பகுதியின் பெயர் நாடெங்கும் தெரியவந்த அந்த மாதமும், ராஜாவின் புகழ் வீடுதோறும் நுழைந்த மாதமும் ஒன்றாக அமைந்தது காலத்தின் தற்செயல்.

எம்.ஜி.ஆருக்கு ‘குலேபகாவலி’யிலும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்திலும், சிவாஜி கணேசனுக்கு ‘அமரதீப’த்திலும் அவர் பாடினார். ஜெமினி கணேசனுக்கோ அவர் குரல் உடன்பிறந்தது போலப் பொருந்தியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளிலும் பாடினார். இந்தியிலும் சிங்களத்திலும் அவர் குரல் ஒலித்தது. இன்றைக்கு ஒரு பாடகர் பல மொழிகளில் பாடுவது இயல்பாகிவிட்டது. அந்தப் பாதையைப் போட்டவர்களில் ராஜாவும் ஒருவர். குறிப்பாகக் கேரளத்தில் அவரை மலையாளி என்றே எண்ணியவர்கள் பலர். ‘பார்யா’ படத்தில் பெரியாற்றை விளித்து அவரும் பி. சுசீலாவும் பாடிய பாட்டு அங்கே ஓணத்துக்கு ஓணம் கேட்கும் பாட்டாக நிலைத்துவிட்டது.

ஜிக்கியைப் பற்றிச் சொல்லாமல் ராஜாவைப் பற்றிச் சொல்ல இயலாது. கிருஷ்ணவேணி என்ற இயற்பெயர் கொண்ட ஜிக்கி, சிறுமியாக 1943இலேயே தெலுங்குத் திரையில் அடியெடுத்து வைத்தவர். ‘மந்திரி குமாரி’யில் திருச்சி லோகநாதனோடு மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் அந்தப் பாட்டைப் பாடியபோது அவர் இன்னும் பருவப் பெண்தான். புகழில் அவர் ராஜாவுக்கு மூத்தவர். இருவரும் இணைந்து பாடிய பாட்டுகள் வளர வளர, வாழ்விலும் இணைந்தார்கள். திரையில் காதலர்கள் பாடும் பாட்டை உண்மையிலேயே கணவனும் மனைவியுமாக நின்று பாடியவர்கள் என்ற பெருமையால், பின்னாளில் மேடையில் அவர்கள் தோன்றும்போது கூட்டம் தனி உரிமையோடு அவர்களை வரவேற்றது.

இங்கே ஒரு முரணைக் குறிப்பிட வேண்டும். ராஜாவை உலகுக்குக் காட்டியது சென்னை வானொலி. ஆனால் அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அதே அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைத் தள்ளி வைத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். பாடியவர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றது வானொலி. தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு அனுமதியைத் திரும்பப் பெற்றனர். வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலி. கொழும்பிலிருந்து வந்த தமிழ் வர்த்தக ஒலிபரப்பு, மயில்வாகனனின் குரலோடும் அவருக்குப் பின் வந்த அறிவிப்பாளர்களின் குரல்களோடும் தமிழ்நாட்டின் வீட்டுக் கூடங்களுக்குள் வந்து அமர்ந்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டதற்கு இந்தப் போட்டியே முதன்மைக் காரணம்.

என் தலைமுறையில் ராஜாவை அறிந்தவர்கள் பெரும்பாலோர் இலங்கை வானொலி வழியாக அறிந்தவர்களே. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டி முத்திரை வாங்கிய வானொலிப் பெட்டி, தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தது. அந்த அறிவிப்பாளர்கள் பாட்டை ஒலிபரப்பும் முன் படத்தின் பெயர், பாடலாசிரியர் பெயர், இசையமைப்பாளர் பெயர், பாடியவர் பெயர் நான்கையும் சொல்வார்கள். கேட்பவருக்கு அது ஒரு கல்வி. பாட்டு தானாக முளைப்பதன்று, நான்கு பேர் உழைப்பில் உருவாவது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் தெரிந்துகொண்டார். ராஜா என்ற பெயரும் அவ்வாறே மனத்தில் பதிந்தது.

பாடகராக நின்றிருந்தால் அவர் வாழ்க்கை எளிதாக இருந்திருக்கலாம். ஆனால் கல்லூரி நாளிலேயே தாம் மெட்டமைத்து இசைத்தட்டு வெளியிட்டவர் அவர். 1958இல் தெலுங்கில் ‘ஷோபா’ படத்துக்கு இசையமைத்தார். 1959 ஏப்ரலில் வெளிவந்த ‘கல்யாண பரிசு’ அவரைத் தமிழின் முன்னணி இசையமைப்பாளராக்கியது. ஸ்ரீதர் இயக்கிய முதல் படம் அது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் எளிய சொற்களும் ராஜாவின் மெட்டும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டன. படம் வெள்ளி விழாக் கண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பட்டுக்கோட்டையார் 29 வயதில் மறைந்தார். தெலுங்கில் ‘பெள்ளி கானுக’வாக அப்படம் உருமாறியபோதும் இசை ராஜாவினுடையதே.

தொடர்ந்து 1960இல் ‘விடிவெள்ளி’, 1961இல் ‘தேன் நிலவு’, 1962இல் ‘ஆடிப்பெருக்கு’. காஷ்மீரில் படமாக்கப்பட்ட ‘தேன் நிலவு’ பாடல்களை இன்று கேட்டாலும் ராஜாவின் துணிவு வியக்க வைக்கிறது. கிதாரும் மேற்கத்தியத் தாளமும் துள்ளும் பாட்டு ஒன்று. மரபிசையின் நிழலில் அமைந்த பாட்டு மற்றொன்று. இரண்டும் ஒரே படத்தில், ஒரே மனிதரின் கற்பனையில். மேற்கத்திய வாத்தியங்களை ஆரவாரத்துக்காக அவர் பயன்படுத்தவில்லை. அக்காலத்தில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆங்கிலோ இந்தியரும் கோவாக்காரரும் டிரம்பெட், சாக்ஸபோன், அக்கார்டியன் வாசித்தனர். அவர்களின் திறமையைத் தமிழ்ச் சொல்லுக்கு இடையூறு இல்லாமல் பின்னணியில் அமர்த்தத் தெரிந்தவர் ராஜா. பாட்டின் நடுவே வாத்தியங்கள் சற்றே விலகிக் குரலுக்கு வழிவிடுவதை அவர் இசையில் நன்றாகக் கேட்கலாம்.

பிறகு என்ன நேர்ந்தது? 1962க்குப் பின் அவர் பெயர் படங்களில் அரிதாகிவிட்டது. ஸ்ரீதர் ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்துக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தியிடம் சென்றார். ஜெமினி கணேசனுக்குப் பி.பி. ஸ்ரீநிவாஸ் குரல் நிலைத்தது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம். சௌந்தரராஜன் என்றானது. ராஜாவின் கண்டிப்பும் வளைந்து கொடுக்காத இயல்புமே காரணம் என்று திரையுலகில் சொல்வதுண்டு. தம் இசையில் ஒரு சிறு பிசகையும் பொறுக்காதவர் என்பதும், பிறர் இசையில் பாடும்போதும் தமக்கு ஒப்பாததை ஏற்காதவர் என்பதும் பரவலாகப் பேசப்படுபவை. மனித இயல்பை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1960களின் தமிழ்த் திரை, வீர வசனமும் கொள்கைப் பாட்டும் கேட்டது. நாயகன் மக்களை நோக்கிக் கையுயர்த்திப் பாட வேண்டியிருந்தது. அதற்கு வல்லினக் குரல் தேவைப்பட்டது. காதோரம் பேசும் குரலுக்கு மேடைப் பேச்சின் காலத்தில் இடம் குறைந்தது இயல்பே.

ஆயினும் அவர் குரலைக் கெடுத்துக்கொண்டு காலத்தோடு ஓடவில்லை. சத்தமாகப் பாடக் கற்றுக்கொள்ளவில்லை. அதை அவரது பிடிவாதம் என்று சொல்வோர் சொல்லட்டும்; நான் அதைத் தன்மதிப்பு என்பேன். மலையாளத்தில் 1969இல் ‘அடிமகள்’ படத்துக்காக தேவராஜன் இசையில் தாழம்பூவின் மணத்தைப் பாடிய பாட்டில் அதே பழைய மென்மை அப்படியே இருக்கிறது. தமிழிலும் 1970களின் தொடக்கத்தில் வி. குமார் இசையில் ‘ரங்கராட்டினம்’ படத்துக்காக அவர் பாடிய பாட்டு, ஒரு தலைமுறை இடைவெளியை ஒரு நொடியில் அழித்தது. 1973இல் ‘வீட்டு மாப்பிள்ளை’க்கு இசையமைத்தார். ஆனால் அந்தத் திரும்பல் நிலைக்கவில்லை.

அவர் வாழ்வின் பின்பகுதியைத் தாங்கியது மேடை. ஜிக்கியோடு சேர்ந்து மெல்லிசைக் கச்சேரிகள் நடத்தினார். கோயில் திருவிழா, கல்யாணம், சங்கங்களின் விழா என்று ஊர் ஊராகப் பயணம். திரையில் மறக்கப்பட்டவர் என்று யார் சொன்னாலும், மேடையில் முதல் பாட்டு தொடங்கியதும் கூட்டத்தின் முதியவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த ஐம்பது வாத்தியங்கள் மேடையில் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கும். ஒலிபெருக்கி கரகரக்கும். எதிரில் கடைத்தெருவின் இரைச்சல். அந்தச் சூழலில் மென்குரலில் பாடி மக்களை அமைதியாக்குவது ஒலிவாங்கியை மட்டும் நம்பிச் செய்யக்கூடிய காரியமன்று.

அந்த மெல்லிசை மேடையின் உலகம் எங்கள் பகுதிக்கு நன்கு பழக்கமானது. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், அதன்பின் வந்த டன்லப், 1960களில் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றால் வளர்ந்த ஊர்கள் இவை. பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்களுக்கு ஆயுத பூசையும் ஆடி மாதக் கூழ் வார்ப்பும் மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் நிறைவு பெறாது. பகலில் கடைசல் இயந்திரத்தில் நின்றவர் இரவில் மேடையேறி ராஜாவாகிவிடுவார். தமிழர், தெலுங்கர், மலையாளி மூவரும் எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடக்கூடிய பாடகர் அவர். ஆகவே தொழிலாளர் குடியிருப்புகளில் அவர் பாட்டு எந்தப் பூசலும் இல்லாத பொதுச் சொத்தாக இருந்தது.

அத்தகைய குழுக்களில் பாடியவர்கள் சிலரை அறிவேன். கச்சேரி முடிய நள்ளிரவு தாண்டும். வாத்தியங்களை வேனில் ஏற்றி, பேசிய தொகையில் பாதியை வாங்கி, மீதிக்கு நாளை வரச் சொன்ன விழாக் குழுவிடம் சிரித்த முகத்தோடு விடைபெற்று, முதல் மின்சார ரயிலுக்காக நடைமேடையில் படுத்துக் கிடப்பார்கள். காலையில் ஆலைச் சங்கு ஊதும் முன் வேலைக்குப் போயாக வேண்டும். சிறு கலைஞர்களின் பாடு இது என்றால், பெரும் பெயர் பெற்ற ராஜாவின் பாடு வேறாக இருந்திருக்கும் என்று தோன்றலாம். பயணத்தைப் பொறுத்தவரை பெரியவருக்கும் சிறியவருக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

1989 ஏப்ரல் மாதம். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கோயிலில் கச்சேரி. ஜிக்கியோடு ராஜா ரயிலில் சென்றுகொண்டிருந்தார். திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர் நிலையத்தில் ரயில் நகரத் தொடங்கியபோது ஏற முயன்றவர், தவறி விழுந்து உயிரிழந்தார். அறுபது வயது நிறைய இன்னும் மூன்று மாதங்களுக்கும் குறைவான நாள்களே இருந்தன. ‘கல்யாண பரிசு’ வெளிவந்து சரியாக 30 ஆண்டுகள் நிறைந்த ஏப்ரல் அது. அடுத்த நாள் செய்தித்தாளைப் பிரித்தவர்களுக்கு, தாம் இளமையில் காதலித்த காலமே அந்த நடைமேடையில் விழுந்துவிட்டதுபோல் இருந்தது. அதன்பின் 15 ஆண்டுகள் வாழ்ந்த ஜிக்கி, 2004 ஆகஸ்டில் மறைந்தார்.

விபத்து யாருக்கும் நேரலாம். ஒரு விபத்தைக் கொண்டு ஒரு சமூகத்தைக் குற்றம் சாட்டுவது முறையாகாது. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. நான்கு மொழிகளில் எண்ணற்ற வீடுகளில் நாள்தோறும் ஒலித்த குரலுக்கு உரியவர், அந்த ஒலிப்பினால் ஒரு பயனும் பெறும் ஏற்பாடு அன்று நாட்டில் இல்லை. பாடகருக்குப் பாட்டுக்கு ஒருமுறை தரும் தொகையோடு கணக்கு முடிந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுபவரின் உரிமை என்ற ஒன்றே இடம்பெறவில்லை. இசையமைப்பாளர் நிலையும் மேலானதன்று. படத்துக்காக இசையமைக்கப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலைஞரின் உரிமை சட்டத்தில் முதன்முதலாக நுழைந்தது 1994இல். அந்த உரிமைக்கு உரிமத்தொகை என்ற வலிமை சேர்ந்தது 2012இன் திருத்தத்தில். இரண்டையும் காண ராஜா இல்லை.

ஆகவே அவர் காலத்துப் பாடகருக்கு இருந்த ஒரே சொத்து தொண்டை. அது ஓடும்வரை அவரும் ஓட வேண்டும். பாட்டு ஒரே இடத்தில் அமர்ந்தபடி உலகெங்கும் போகும். பாடியவர் மட்டும் இரவு ரயிலில் இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். ராஜா தம் கலையை விரும்பித்தான் மேடையேறினார். அந்த விருப்பத்தைக் குறைத்து மதிப்பிட நான் யார்? ஆனால் விருப்பத்தோடு செய்யும் வேலைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதைத் தொழிற்சாலைகளின் நடுவே வாழும் நாங்கள் நன்கு அறிவோம். ஆலைக்குள் ஒருவருக்குக் காயம் பட்டால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் அரசுக் காப்பீட்டு மருத்துவமனை இருக்கிறது, சங்கம் இருக்கிறது. கச்சேரிக்குப் போகும் வழியில் விழுபவருக்கு என்ன இருக்கிறது?

இன்றைக்குச் சட்டம் முன்னேறியிருக்கிறது. பாடகர்களுக்கென்று உரிமைச் சங்கம் அமைந்திருக்கிறது. ஆனால் அதன் பயன் இசைத்தட்டிலும் திரையிலும் பெயர் பதிந்தவர்களோடு நின்றுவிடுகிறது. அவர்கள் பாட்டை ஊர் ஊராக எடுத்துச் செல்லும் மெல்லிசைக் குழுவினர், தவில்காரர், கீபோர்டு வாசிப்பவர், ஒலிபெருக்கி அமைப்பவர் ஆகியோரின் நிலை ராஜாவின் காலத்திலிருந்து பெரிதாக நகரவில்லை. இதற்குப் பெரிய திட்டங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டாசுக்கும் அலங்கார விளக்குக்கும் முன்பணம் தரும் விழாக் குழுக்கள், பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் பேசிய தொகையை மேடையேறும் முன்பே முழுமையாகத் தரலாம். போக்குவரத்தையும் இரவுத் தங்கலையும் ஒப்பந்தத்திலேயே எழுதலாம். ஒரு நாள் விபத்துக் காப்பீட்டுக்கு ஆகும் செலவு, ஒரு வாண வேடிக்கையின் செலவில் சிறு பகுதிதான். உள்ளாட்சி அமைப்புகள் விழாவுக்கு அனுமதி தரும்போதே இதை நிபந்தனையாக்கலாம்.

இன்னொன்று, பெயர் சொல்லும் பழக்கம். இலங்கை வானொலி நமக்குக் கற்றுக்கொடுத்த அந்த நல்ல வழக்கம் மெல்லத் தேய்கிறது. இன்று கைப்பேசியில் பாட்டுத் தேடினால் நாயகனின் முகம் வருகிறது. பண்பலையில் பாட்டு முடிந்ததும் விளம்பரம் வருகிறது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்கள் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடக்கின்றன. பல நேரங்களில் அவையும் பிழையாக இருக்கின்றன. ராஜாவின் பாட்டுக்கு ஸ்ரீநிவாஸின் பெயரைப் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். உரிமத்தொகை யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முதல் ஆவணமே அந்தப் பெயர்தான். பெயர் தவறினால் காசும் தவறும். அரசு வானொலி தன் களஞ்சியத்தில் உள்ள பழைய ஒலிப்பதிவுகளுக்கு இந்த விவரங்களைச் சரிபார்த்து வெளியிட்டால், அது இசை வரலாற்றுக்கும் செய்யும் தொண்டாகும்.

1951இல் ஒரு மாணவரின் இசைத்தட்டை வானொலி ஒலிபரப்பியபோது, அதைப் பாடியவர் யார் என்று வாசன் தெரிந்துகொள்ள முடிந்ததால்தான் நமக்கு ஏ.எம். ராஜா கிடைத்தார். பெயர் அறிவிக்கப்பட்டதால் ஒரு வாழ்க்கை தொடங்கிற்று. இந்த ஆண்டு ஆடித் திருவிழாவில் எங்கள் தெருமுனையில் மேடை போடும்போது, பாடப்போகிறவரின் பெயரையும் அவர் பாடும் பாட்டை முதலில் பாடியவரின் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்று விழாக் குழுவினரிடம் கேட்டிருக்கிறேன். முன்பணத்தைப் பற்றியும் பேசியிருக்கிறேன். முதல் கோரிக்கைக்கு உடனே இசைந்துவிட்டார்கள். இரண்டாவதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.